உங்கள் வீட்டு ரவுட்டர் யாருக்காக வேலை செய்கிறது? 'பாட்நெட்' பரவும் விதம்

தோ பாயோ லோரோங் 8இல் என் பெற்றோர் வசிக்கும் வீவக வீட்டில் எத்தனை சாதனங்கள் இணையத்துடன் இணைந்திருக்கின்றன என்று அண்மையில் எண்ணிப் பார்த்தேன். முதலில் அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு ஃபோன், ஒரு டிவி. அவ்வளவுதானே?" என்றார்.

ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால் ஒன்பது இருந்தன. கைத்தொலைபேசிகள் இரண்டு, தொலைக்காட்சி, தமிழ் நாடகங்கள் பார்க்க வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டி, அண்ணன் விட்டுச்சென்ற மடிக்கணினி, வீடு கூட்டும் ரோபோ, அச்சுப்பொறி, வரவேற்பறை மின்விசிறி. ஒன்பதாவது, அண்ணன் மகள் பிறந்தபோது தொட்டிலைப் பார்த்துக்கொள்ள வாங்கிய கேமரா. அவள் இப்போது தொடக்கநிலை 2 படிக்கிறாள். தொட்டில் போய்விட்டது. கேமரா மட்டும் அலமாரிமேல் பச்சை விளக்கு எரிய இன்னும் விழித்திருக்கிறது.

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. எதுக்கு அதைத் தொடணும்?" என்றார் அப்பா.

பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படும் பதில் இதுதான். 'பாட்நெட்' நடத்துபவர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான்.

பாட்நெட் என்றால் என்ன?

தீங்கு மென்பொருள் புகுந்ததால், உரிமையாளருக்குத் தெரியாமல் வேறொருவரின் கட்டளைப்படி நடக்கும் சாதனங்களின் கூட்டமே பாட்நெட். ரோபோ, நெட்வொர்க் என்ற இரண்டு சொற்களை ஒட்டி உருவான பெயர் இது. ஒரு காலத்தில் கணினிகள்தான் இதில் சிக்கின. இப்போது ரவுட்டர், கண்காணிப்புக் கேமரா, தொலைக்காட்சிப் பெட்டி என்று இணையத்தைத் தொடும் எதுவும் சிக்கலாம்.

சாதனம் சிக்கிவிட்டால் கெட்டுப்போகும் என்று நினைக்கவேண்டாம். கேமரா வழக்கம்போலப் படம் காட்டும். ரவுட்டர் வைஃபை தரும். திரை உறைவதில்லை, பணம் கேட்டு மிரட்டல் செய்தி வருவதில்லை. சாதனம் ஒழுங்காக ஓடினால்தானே அதை யாரும் பிடுங்கிப் போடமாட்டார்கள்? அதனால் அது நன்றாக ஓடவேண்டும் என்பதில் உங்களைவிட ஊடுருவியவருக்கே அக்கறை அதிகம்.

தனியாக ஒரு கேமராவால் பெரிய தீங்கு செய்ய முடியாது. கூட்டமாகச் சேர்ந்தால்?

லோரோங் 8 உணவங்காடி நிலையத்தில் ஒரு புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று ஐயாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரும் வாங்க வரவில்லை. ஒவ்வொருவரும் விலையைக் கேட்டுவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார். கல் சூடாக இருக்கிறது, மாவு தயாராக இருக்கிறது, ஆனால் உண்மையாகவே பசியோடு வந்தவர் கடையை நெருங்க முடியவில்லை. இணையத்தில் இப்படி நடப்பதை 'டிடாஸ்' தாக்குதல் என்கிறார்கள். சேவையை உடைப்பது நோக்கமல்ல. அதை யாரும் நெருங்க முடியாமல் செய்வதுதான்.

2016இல் சிங்கப்பூரில் என்ன நடந்தது?

2016 அக்டோபர் 22, சனிக்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம். அன்றிரவு ஸ்டார்ஹப் நிறுவனத்தின் வீட்டு அகண்ட அலைவரிசை வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் நின்றது. சீரானது. இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி திங்கட்கிழமை இரவு, மறுபடியும் நின்றது.

பழுது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால், தன் டிஎன்எஸ் கட்டமைப்பின்மீது வேண்டுமென்றே டிடாஸ் தாக்குதல் நடத்தப்பட்டதாக ஸ்டார்ஹப் பின்னர் அறிவித்தது. நீங்கள் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த எண்ணுள்ள முகவரியில் இருக்கிறது என்று தேடிச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். அது பதில் சொல்லாவிட்டால் கம்பிவடம் நன்றாக இருந்தும் பயனில்லை. எந்தப் பக்கமும் திறக்காது.

அடுத்த தகவல்தான் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் கோரிக்கைகள் குவிந்தது வெளிநாட்டிலிருந்து மட்டும் அல்ல. ஸ்டார்ஹப்பின் சொந்த வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த, ஊடுருவப்பட்ட கேமரா, ரவுட்டர் போன்ற சாதனங்களிலிருந்தே வந்தன. அதாவது, நம் வீட்டுப் பொருள்களே நம் வீட்டு இணையத்தை முடக்கின. சிங்கப்பூரின் தொலைத்தொடர்புக் கட்டமைப்பின்மீது இத்தகைய தாக்குதல் நடந்தது அதுவே முதல்முறை என்று அதிகாரிகள் கூறினர்.

முதல் தாக்குதலுக்கு முந்தைய நாள், அக்டோபர் 21ஆம் தேதி, அமெரிக்காவின் டைன் நிறுவனமும் இதேபோல் தாக்கப்பட்டது. அதுவும் டிஎன்எஸ் சேவை வழங்கும் நிறுவனம். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தாக்குதலில் பெரும்பங்கு வகித்தது 'மிராய்' என்ற பாட்நெட்.

எப்படி நுழைகிறது? எப்படிப் பரவுகிறது?

இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது மிராய்தான். அதன் நிரல் வெளியானதால், அது செய்வதைப் படிப்படியாகச் சொல்ல முடிகிறது.

ஓர் ஆள் அடுக்குமாடியின் ஒவ்வொரு தளத்திலும் நடந்து, எல்லா வீட்டுக் கதவுகளின் பிடியையும் திருகிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. தேடுவது: இணையத்தில் ஏறக்குறைய 430 கோடி பழைய வகை எண் முகவரிகள் உண்டு. மிராய் அவற்றைக் கண்டபடி தட்டும். 'டெல்நெட்' எனப்படும் பழைய தொலைக்கட்டளை வாசல் எங்கே திறந்திருக்கிறது என்று பார்க்கும்.

2. சாவி போடுவது: வாசல் திறந்திருந்தால் பயனீட்டாளர் பெயரும் மறைச்சொல்லும் கேட்கப்படும். மிராயிடம் 60க்கும் மேற்பட்ட சோடிகள் இருந்தன. எல்லாம் தொழிற்சாலையில் போட்ட மறைச்சொற்கள்: 'அட்மின்', '1234', 'பாஸ்வேர்ட்' போன்றவை. அந்தச் சிறிய சாவிக்கொத்து போதுமானதாக இருந்தது.

3. குடியேறுவது: சாவி பொருந்தியதும் முகவரியும் மறைச்சொல்லும் இன்னொரு கணினிக்குப் போகும். அது அந்தச் சாதனத்தின் சில்லுக்குப் பொருந்தும் மென்பொருளை அனுப்பி இயக்கும்.

4. கதவைச் சாத்துவது: உள்ளே வந்ததும் அது போட்டி பாட்நெட்டுகளைத் தேடி அழிக்கும். தான் வந்த வாசலையும் அடைத்துவிடும், வேறு யாரும் வரக்கூடாது என்று.

5. காத்திருப்பது: பிறகு கட்டளைக் கணினியுடன் தொடர்பு வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும், "இந்த முகவரியைத் தாக்கு" என்று உத்தரவு வரும்வரை.

காத்திருக்கும்போது அது சும்மா இருப்பதில்லை. பிடிபட்ட கேமராவே அடுத்த கேமராவைத் தேடத் தொடங்கும். திருடன் நுழைந்த வீட்டிலிருந்து இன்னொரு திருடன் புறப்படுவதுபோல. 2016 ஆகஸ்ட்டில் மிராய் தலைதூக்கியபோது முதல் 20 மணி நேரத்தில் ஏறக்குறைய 65,000 சாதனங்கள் சிக்கின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். தொடக்கத்தில் எண்ணிக்கை சுமார் 75 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானது. உச்சத்தில் 600,000.

'வீட்டுக்குள் இருக்கும் கேமராவை வெளியிலிருந்து எப்படித் தட்ட முடியும்? ரவுட்டர் தடுக்காதா?' நல்ல கேள்வி. பொதுவாகத் தடுக்கும். ஆனால் வேலையிடத்திலிருந்து கைத்தொலைபேசியில் குழந்தையைப் பார்க்கவேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒரு வழி வேண்டும். அதற்காகச் சில கேமராக்கள், "எனக்கு ஒரு வாசல் திறந்து வை" என்று ரவுட்டரிடம் தாமாகவே கேட்கும். பல ரவுட்டர்கள் வீட்டுக்காரரிடம் கேட்காமலே திறந்துவிடும். அந்த வசதியின் பெயர் 'யூபிஎன்பி'. வாசல் திறந்தபின் நீங்கள் மட்டும்தான் வருவீர்கள் என்று சொல்ல முடியாது.

மிராய் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். ஆனால் மறைச்சொல் மாறாவிட்டால் சில நிமிடங்களிலேயே மறுபடியும் நுழைந்துவிடலாம். 2018இல் கண்டுபிடிக்கப்பட்ட 'விபிஎன்ஃபில்டர்' இன்னும் ஒருபடி மேலே போனது. 54 நாடுகளில் குறைந்தது 500,000 சாதனங்களில் புகுந்த அதன் ஒரு பகுதி, ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் போகாது.

மறைச்சொல் மட்டும்தான் வழி என்றும் இல்லை. தயாரிப்பாளர் புதுப்பிப்புத் தருவதை நிறுத்திய பழைய ரவுட்டர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஓட்டைகள் அப்படியே கிடக்கின்றன. புதிய பாட்நெட்டுகள் அவற்றை அதிகம் தேடுகின்றன.

யார் இவர்கள்?

மிராயை எழுதியது உளவுத்துறை அல்ல. அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக் கணினிகளை நடத்துவோருக்கு இடையிலான வியாபாரப் போட்டி அதன் பின்னணியில் இருந்தது. மூவரும் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஆனால் அதற்கு முன்பே, 2016 செப்டம்பர் இறுதியில், நிரல் முழுவதும் இணையத்தில் போடப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் அதை எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற நிலை. டைன்மீதான தாக்குதலும் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

எட்டு ஆண்டு கழித்தும் அந்த நிரல் சாகவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க அதிகாரிகள் நீதிமன்ற அனுமதியுடன் ஒரு பாட்நெட்டை முடக்கினர். 'ராப்டர் டிரெயின்' என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட அதில் 260,000க்கும் அதிகமான சாதனங்கள். அதன் மென்பொருள் மிராய் குடும்பத்தைச் சேர்ந்தது. பெய்ச்சிங்கைத் தளமாகக் கொண்ட ஒரு நிறுவனம் அதை நடத்தியதாக அமெரிக்கா குற்றம் சாட்டியது. சீனா மறுத்தது.

சிங்கப்பூரிலும் அதே மாதம் சுமார் 2,700 சாதனங்கள் உலகளாவிய பாட்நெட் ஒன்றில் சிக்கியிருந்தது தெரியவந்தது. குழந்தைகளைக் கண்காணிக்கும் கேமராக்களும் இணைய ரவுட்டர்களும் அவற்றில் அடங்கும். அந்தச் செய்தியைத் தயாரித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தோ பாயோ வீட்டு அலமாரிதான்.

'தாக்கினால் தாக்கட்டும், எனக்கு என்ன?'

நியாயமான கேள்விதான். யாரோ ஒரு நிறுவனத்தின் இணையத்தளம் நின்றால் அப்பாவுக்கு என்ன நட்டம்?

இப்போது பாட்நெட்டுகள் தாக்குவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. உங்கள் வீட்டு இணைய முகவரியையே வாடகைக்கு விடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மோசடிக்காரர் ஒரு சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் நுழையப் பார்த்தால் வங்கிக்குச் சந்தேகம் வரும். அதே ஆள் சிங்கப்பூர் வீட்டு ரவுட்டர் ஒன்றின் வழியாக வந்தால், பார்ப்பதற்குத் தோ பாயோவில் உட்கார்ந்திருக்கும் சாதாரண வாடிக்கையாளர்போலத் தெரியும். பிறகு விசாரணை வந்தால் தடயம் முதலில் வந்து நிற்பது உங்கள் முகவரியில்.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதும் நமக்குத் தெரியவந்திருக்கிறது. 2024 மே மாதம் '911 எஸ்5' என்ற பாட்நெட்டை நடத்தியதாகச் சந்தேகிக்கப்படும் 35 வயதுச் சீன நாட்டவர் ஒருவர் சிங்கப்பூரில் கைதானார். ஏறக்குறைய 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் இணைய முகவரிகள் அதில் சிக்கியிருந்ததாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. முகவரிகளை வாடகைக்கு விட்டு அவர் ஏறக்குறைய 99 மில்லியன் அமெரிக்க டாலர் ஈட்டியதாகக் குற்றச்சாட்டு. அது பெரும்பாலும் இலவச விபிஎன் செயலிகளுடன் ஒட்டிக்கொண்டு விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைந்தது. மக்கள் தங்கள் பாதுகாப்புக்கு என்று நினைத்துத் தாங்களே இறக்கிக்கொண்ட செயலிகள்.

ஆண்ட்ராய்டு பெட்டியிலும் கவனம் தேவை

நம் சமூகத்தில் பல வீடுகளில் இருக்கும் பொருள் இது. 'ஒருமுறை காசு கொடுத்தா போதும், எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும்' என்று விற்கப்படுவது. இந்தப் பெட்டிகளில் சில, வீட்டுக்கு வரும்போதே கிருமியோடு வருகின்றன. அல்லது முதல்முறை இயக்கும்போது இறக்கச் சொல்லும் செயலியோடு உள்ளே வருகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'பேட்பாக்ஸ் 2.0' பற்றி எச்சரித்தது. மறுமாதம் கூகல் அதன் பின்னணியில் இருப்போர்மீது வழக்குத் தொடுத்தபோது, கூகலின் சான்று பெறாத 1 கோடிக்கும் அதிகமான ஆண்ட்ராய்டு சாதனங்கள் சிக்கியதாகச் சொன்னது.

இங்கே மறைச்சொல்லை மாற்றியும் பயனில்லை. திருடன் கதவைத் தட்டவில்லை, பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறான்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. காப்புரிமையை மீறி நிகழ்ச்சிகளைக் காட்டும் பெட்டிகளை விற்பது 2021 நவம்பரிலிருந்து குற்றம். 2022 அக்டோபரில் பெரும்பாலும் சிம் லிம் ஸ்குவேரில் உள்ள கடைகளில் காவல்துறை சோதனை நடத்தி 2,500க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்தது.

பொறுப்பு யாருடையது?

2016 சம்பவத்திற்குப் பிறகு எழுந்த பெரிய கேள்வி இது. வீட்டுக்காரருக்குப் பாதிப்பு தெரியவில்லை, அதனால் சரிசெய்ய அவசரம் இல்லை. தயாரிப்பாளருக்கு விற்றவுடன் வேலை முடிந்தது. பாதிக்கப்படுபவருக்கு அந்தச் சாதனத்தைத் தொடவே வழியில்லை. நடுவில் யாருக்கும் பொறுப்பில்லாமல் கோடிக்கணக்கான சாதனங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு அறிவுரை சொல்வதோடு நிறுத்தாமல், பொறுப்பின் ஒரு பகுதியைத் தயாரிப்பாளர் பக்கம் தள்ளியது சிங்கப்பூர். 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு சாதனங்களுக்கு நான்கு நிலைகள் கொண்ட முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் நிலைக்கே, எல்லாச் சாதனத்துக்கும் ஒரே மறைச்சொல் போடக்கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு தரவேண்டும். நான்காம் நிலையில் வல்லுநர்களே ஊடுருவ முயன்று சோதிப்பார்கள். 2021 ஏப்ரல் 13லிருந்து இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்களுக்கு முதல் நிலை கட்டாயமாக்கப்பட்டது. பிரிட்டனும் 2024 ஏப்ரலில், எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலை மறைச்சொற்களைச் சட்டப்படி தடைசெய்தது.

இது பலன் தரும் வழி என்றே நினைக்கிறேன். 430 கோடி கதவுகளுக்கும் பூட்டு வாங்கச் சொல்வதைவிட, பூட்டில்லாத கதவை விற்காதே என்று சொல்வது எளிது. ஆனால் அந்த விதி கடைக்குப் புதிதாக வரும் ரவுட்டரைத்தான் பிடிக்கும். 2021க்கு முன் வாங்கி, இன்னும் வரவேற்பறை மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரையும், இணையத்தில் மலிவாக வாங்கி வெளிநாட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கேமராவையும் அது தொடாது. அவற்றைத் தொடக்கூடியவர் அந்த வீட்டில் இருப்பவர் மட்டுமே.

வீட்டில் என்ன செய்யலாம்?

* எண்ணுங்கள். ரவுட்டரின் செயலியில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் இருக்கும். அடையாளம் தெரியாதது எது, பயன்படாதது எது என்று பாருங்கள்.

* பயன்படாததைப் பிடுங்குங்கள். மின்சாரம் இல்லாத கேமராவை யாராலும் ஊடுருவ முடியாது.

* ரவுட்டரின் நிர்வாக மறைச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபை மறைச்சொல் அல்ல, வேறு. பலர் வைஃபை மறைச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

* தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட ரவுட்டராக இருந்தால், அது நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். சந்தா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது புதிய ரவுட்டர் கிடைக்குமா என்று உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

* யூபிஎன்பி, தொலைநிர்வாகம் ஆகிய இரண்டும் தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

* சந்தேகம் இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் சாதனத்தைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள், பிறகு மறைச்சொல்லை மாற்றிப் புதுப்பியுங்கள். வெறுமனே அணைத்துப் போடுவது போதாது.

* வாங்கும்போது பெட்டிமேல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை ஆண்டு புதுப்பிப்பு தருவார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வயதான பெற்றோர் இதைத் தனியாகச் செய்வது கடினம். தோ பாயோவில் மூத்தோர் அதிகம். பிள்ளைகள் திருமணமாகிப் பொங்கோலுக்கும் செங்காங்கிற்கும் போயிருப்பார்கள். வார இறுதியில் சாப்பிட வரும்போது அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நானும் அதைத்தான் செய்தேன். கேமராவைப் பிடுங்கினேன். அதன் தயாரிப்பாளர் செயலியையே கைவிட்டிருந்தார், புதுப்பிக்க வழியில்லை. ஆண்ட்ராய்டு பெட்டிக்காக அம்மாவிடம் சற்று வாதாட வேண்டியிருந்தது. "நாடகம் பாதியில நிக்குதேப்பா" என்றார். சந்தா கட்டிப் பார்க்கும் சேவையில் அதே நாடகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் விட்டார். ரவுட்டருக்குப் புதிய மறைச்சொல் போட்டேன். அப்பா அதை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்போ லைன் வேகமா இருக்குமா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, அதே வேகம்தான்."

"அப்புறம் என்னதான் மாறிச்சு?"

அவர் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. கேமராவின் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை.